கைகாட்டி தெரிந்தது

மகாபலிபுரம்
16-1-52

அண்ணாவுக்கு சாவித்ரி நமஸ்காரம். இங்கே மாமனார், மாமியார், குழந்தை வைதேகி எல்லோரும் சௌக்கியம். உன் மாப்பிள்ளை சௌக்கியமா என்று மட்டும் கேட்காதே. அதைக் கெடுத்தவனே நீதான்.

நேற்று நீ அனுப்பிய கனுச்சீரை, கொண்டுவந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், புடைவை, எதையும் தொடவில்லை. விடியற்காலையில் மாமியார் மஞ்சள் இலையைப் பரப்பி, "உங்கண்ணா நன்னா இருக்கணும்னு கனுப்பிடி வைடீ" என்றார். "எனக்கு அண்ணா இல்லை. காக்காய் பட்டினி கிடக்க வேண்டாம்னு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். மாமியார் காதைப் பொத்திக்கொண்டார்.

போகியன்று இவர் திருச்சியிலிருந்து பதினெட்டுப் பேரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து மீனம்பாக்கத்தில் இறக்கினார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இறங்கியவர்கள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்களாம். மேலே டவரில் உட்கார்ந்திருந்த நீ மட்டும், "விதியை மீறி இறங்கினார்" என்று ரிப்போர்ட் எழுதினாய். பொங்கல் பானையில் பால் பொங்குகிற நேரத்தில், லைசென்ஸை நிறுத்தி வைத்திருப்பதாகத் தந்தி வந்தது. தங்கைக்குப் பொங்கல் சீர் அனுப்புகிற அண்ணாக்கள் உண்டு. நீ சீருக்கு முன்னால் தந்தி அனுப்ப வைத்தாய்.

மன்னியின் இருமல் எப்படி இருக்கிறது? அவளிடம் எனக்குக் கோபம் இல்லை.

சாவித்ரி


மீனம்பாக்கம்
22-1-52

சௌபாக்கியவதி சாவித்ரிக்கு வெங்கடராகவன் ஆசீர்வாதம். இங்கே க்ஷேமம். பெருந்தேவிக்கு இருமல் குறைந்திருக்கிறது. சீர் திரும்பி வந்தது. கரும்பைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தின்றுவிட்டன.

நீ கேள்விப்பட்டதெல்லாம் உன் வீட்டுக்காரர் சொன்னது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். போகியன்று விடியலில் பல்லாவரத்திலிருந்து பரங்கிமலை வரைக்கும் வாசலுக்கு வாசல் பழம்பாயையும் முறத்தையும் கொளுத்தினார்கள். மார்கழிப் பனியோடு அந்தப் புகை சேர்ந்துகொண்டது. எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று அளக்க எங்களிடம் கருவி கிடையாது. டவரில் நின்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். பரங்கிமலைக் கோயில் தெரிந்தால் இத்தனை மைல் என்று கணக்கு. அது தெரியாவிட்டால் இப்புறம் ரயில்வே கைகாட்டியைப் பார்ப்போம். கைகாட்டியும் தெரியாவிட்டால் எந்த விமானமும் இறங்கக் கூடாது. சட்டம் அதுதான்.

அன்று கைகாட்டி தெரியவில்லை. நான் ரேடியோவில், "பெங்களூருக்குப் போங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பெட்ரோல் போதுமான அளவு இருந்தது. மாப்பிள்ளை இரண்டு தடவை தாழ வந்து, ஓடுபாதையைக் காணாமல் மேலே ஏறினார். மூன்றாவது தடவை இறங்கியேவிட்டார். சக்கரத்தில் பனையோலை சிக்கியிருந்தது. நானே கையால் பிடுங்கினேன். பனைமரம் எவ்வளவு உயரம் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாப்பிள்ளைக்கு நான் விரோதி இல்லை. அந்தப் பதினெட்டுப் பேருக்கும் பெயர் இருந்தது, வீடு இருந்தது.

குழந்தைக்கு என் முத்தம்.

வெங்கடராகவன்


மகாபலிபுரம்
29-1-52

அண்ணாவுக்கு. நமஸ்காரம் பாதி, கோபம் பாதி. அனைவரும் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

பனையோலை காற்றில் பறந்து வந்து ஓடுபாதையில் கிடந்ததாம். இவர் சொல்கிறார். நான் இவரை நம்புவேனா, உன்னை நம்புவேனா? யுத்தத்தின்போது பர்மாவில் மழையிலும் புகையிலும் இறங்கிய மனுஷர் இவர். அப்போது நீ செங்கல்பட்டில் அப்பா போட்ட காபியைக் குடித்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், வலித்தால் வலிக்கட்டும். பைலட் ஆக வேண்டும் என்று நீயும் போனாய். கண் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் கைகாட்டியைத் தேடினாயா? தனக்குக் கிடைக்காதது தங்கை புருஷனுக்குக் கிடைத்துவிட்டதே என்று உனக்கு ஒரு புகைச்சல். அது போகிப் புகையைவிட அடர்த்தி.

ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

மன்னிக்கு என் நமஸ்காரம்.

சாவித்ரி


மீனம்பாக்கம்
10-2-52

சாவித்ரிக்கு. ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, நீ வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்ளாவிட்டாலும்.

புகைச்சல் என்றாய். இருக்கட்டும். ஆனால் இதைக் கேட்டுக்கொள். உன் வீட்டுக்காரர் கம்பெனி பைலட்டுகளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மீனம்பாக்கத்தில் பனி என்று தெரிந்தால், அவர்கள் கடல் மேல் போய்த் தாழ இறங்குவார்கள். அலை கண்ணில் படுகிற வரைக்கும் இறங்குவார்கள். உங்கள் ஊர்க் கலங்கரை விளக்கத்தைப் பிடித்து, கரையோடு வடக்கே வந்து, அடையாற்று முகத்துவாரத்தில் திரும்பி, குத்துமதிப்பாக உள்ளே நுழைவார்கள். இதற்குக் 'கடற்கரை வழி' என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். எந்தப் புத்தகத்திலும் இந்த வழி இல்லை. பெங்களூர் போனால் பெட்ரோலுக்கும் பிரயாணிகளின் ரயிலுக்கும் யார் அழுவது என்று மானேஜர் முகத்தைச் சுளிப்பார், அதற்காக இவர்கள் அலையைத் தொடுகிறார்கள்.

நீ கேட்பது ரிப்போர்ட்டை அல்ல. நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லச் சொல்கிறாய். ஏப்ரலில் விசாரணை. அங்கே பார்த்ததைத்தான் சொல்வேன்.

வெங்கடராகவன்


மகாபலிபுரம்
25-3-52

அண்ணாவுக்கு,

இந்தத் தடவை சௌக்கியம் என்று பொய் எழுதப்போவதில்லை. இவர் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறார், யார் ஓட்டுகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்கிறார், திரும்பி வந்து உட்காருகிறார். மாமனார் பெருமாள் கோயிலுக்குப் போனால் அங்கே நாலு பேர், "மச்சினனே காட்டிக் கொடுத்தானாமே" என்கிறார்கள். மாமியார் என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "உங்காத்து மனுஷா" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார்.

அப்பா உனக்கு எழுதியிருப்பார். செங்கல்பட்டு வீட்டில் உன் போட்டோவைத் திருப்பி வைத்திருக்கிறார்.

நேற்று ராத்திரி இவர் சொன்னார்: "பறக்க முடியலைன்னா நான் எதுக்குடீ இருக்கணும்?" நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை அண்ணா. கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ராத்திரி இவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் நானும் எழுந்து பின்னால் போகிறேன்.

கைகாட்டி தெரிந்தது என்று ஒரு வார்த்தை சொல். பனியில் உனக்குச் சரியாகப் படவில்லை, பிறகு யோசித்தால் தெரிந்த மாதிரிதான் இருந்தது என்று சொல். யார் உன் கண்ணுக்குள் புகுந்து பார்க்கப்போகிறார்கள்? சொல்லாவிட்டால் அம்மா திவசத்துக்குக்கூட நான் நீ இருக்கிற வாசல்படி ஏற மாட்டேன். என் குழந்தைக்கு மாமா செத்துப்போனான் என்று சொல்லி வளர்ப்பேன்.

சாவித்ரி


மீனம்பாக்கம்
19-4-52

சாவித்ரிக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நாளைக்கு விசாரணை. நீ கேட்டது நடக்கும். மாப்பிள்ளையைச் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக இருக்கச் சொல்.

இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

வெங்கடராகவன்


மகாபலிபுரம்
2-5-52

அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம். இங்கே அனைவரும் பரம சௌக்கியம். மன்னியின் இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம் நல்லது.

லைசென்ஸ் வந்துவிட்டது. இவர் திங்கட்கிழமை மதுரைக்குப் போய்விட்டு வந்தார். மாமியார் என்னிடம் பேசுகிறார், சுவருக்கு ஓய்வு கிடைத்தது. அன்று விசாரணையில் என்ன சொன்னாய் என்று இவரைக் கேட்டேன். "உங்கண்ணாவே ஒத்துண்டுட்டார். நான் இறங்கினது சரிதான்னு ஆயாச்சு" என்று சிரித்தார்.

முதலிலேயே இதைச் செய்திருந்தால் மூன்று மாதம் நான் இப்படி நாறியிருக்க வேண்டாம். அந்தக் கோபம் போகவில்லை. போனதும் எழுதுகிறேன்.

சாவித்ரி


மகாபலிபுரம்
9-11-52

அண்ணாவுக்கு நமஸ்காரம். நீயும் மன்னியும் சௌக்கியமா? ஆடி போய், ஆவணி போய், தீபாவளியும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு கார்டு இல்லை. நீ எழுதாதே என்று சொன்னது இதைப் பற்றி மட்டும்தானே? நான் மற்றதை எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம்.

ஒரு விஷயம். போன வியாழக்கிழமை மழை மேகம் கடல் மேல் வந்து குந்தியிருந்தது. தூறல் விட்ட நேரம் பார்த்து மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனேன். சத்தம் கேட்டது, விமானம் தெரியவில்லை. திடீரென்று மேகத்தின் அடியிலிருந்து வந்தது. அண்ணா, கலங்கரை விளக்கத்தின் விளக்கு மேலே இருந்தது, விமானம் அதற்குக் கீழே போயிற்று.

சாயங்காலம் இவர் வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, "அரக்குப் புடைவை கட்டிண்டு மாடியில நின்னியே, பார்த்தேன்" என்றார். என் புடைவைக் கலர் தெரிகிற உயரத்தில் வந்திருக்கிறார். குழந்தையிடம் பெருமையாக வேறு சொல்கிறார். "பயமா இல்லையா?" என்று கேட்டேன். "விசாரணையே சரின்னு சொல்லியாச்சு. இப்ப கம்பெனியில எல்லாரும் என் வழியிலதான் வரா" என்றார்.

நீ டவரில் இருக்கிறாயே. கொஞ்சம் கண்டித்து வை. உன் பேச்சுக்குப் பயப்படுவார்.

சாவித்ரி


மீனம்பாக்கம்
20-11-52

சாவித்ரிக்குப் பெருந்தேவி ஆசீர்வாதம். நாங்கள் சௌக்கியம். என் இருமலைப் பற்றி விசாரித்து விசாரித்தே எங்கள் வீட்டை எரித்துவிட்டாய்.

அவர் உனக்கு எழுத மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். உன் அண்ணா டவரில் இல்லை. விசாரணையில் அவர் என்ன சொன்னார் என்று நீ உன் புருஷனைக் கேட்டாயாம். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கைகாட்டி தெரிந்தது என்று சும்மா சொல்லிவிட முடியுமா? முதலில் ஏன் தெரியவில்லை என்று எழுதினாய் என்று கேட்க மாட்டார்களா? கேட்டார்கள். "என் கண் சரியில்லை" என்றார். நீ ஜனவரியில் எழுதினாயே, அதே வார்த்தை.

கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். எழுத்துப் பலகையில் கடைசி வரிகளை வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் படித்துவிட்டு வந்தார். நான் கூடத்தான் நின்றேன். எதிர் வீட்டு நாட்காட்டியில் தேதி கிழிக்காமல் இருந்தால் இங்கிருந்தே சொல்கிற மனுஷர் அவர். இப்போது ஸ்டோரில், ஓடுபாதை விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் அளந்து ஊற்றிக் கொடுக்கிறார். டவர் படியில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. நேற்றுச் சேர்ந்த பிள்ளைகள்கூட, "சார், என் முகம் தெரியறதா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிறது. அவர் உன்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கண்டித்து வை என்கிறாய். குருடனை யார் மதிப்பார்கள்? உன் புருஷனை நீயே கண்டித்துக்கொள்.

பெருந்தேவி


மகாபலிபுரம்
17-12-52

அண்ணாவுக்கு,

மன்னி எழுதியதைப் படித்துவிட்டு மூன்று வாரமாக யாருக்கும் எதுவும் எழுத முடியவில்லை. எனக்குத் தெரியாது அண்ணா. நீ சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்துவிட்டு இத்தனை மாதம் என்னைப் பெருமையாக நடமாட விட்டாய். அதுவும் ஒரு விதப் பழி வாங்கல்தான்.

மற்றதைச் சொல்கிறேன். இன்று காலை கடல் இருக்கிற இடமே தெரியாத பனி. மீன் விற்க வருகிற முனியம்மா, கூடை இல்லாமல் ஓடி வந்தாள். தெருவில் நின்றே சத்தம் போட்டாள்.

"இன்னாம்மா, உங்க வூட்டுக்காரரு ஓட்றதா அது? எங்காளும் எங்கொழுந்தனும் கட்டுமரத்துல வலை இசுத்துகினு கீறாங்க. பனியில ஒண்ணும் தெர்ல. சத்தம் மட்டும் வந்துகினே கீது. பாத்தா தலைக்கு மேல. ரெண்டு பேரும் தண்ணியில குதிச்சுட்டாங்கம்மா. மரம் பொரண்டு எங்கொழுந்தன் கை ரெண்டா போச்சு. வலையும் போச்சு. இன்னும் கொஞ்சம் கீய வந்திருந்தா எங்காளு தலையே இருக்காது. ஆகாசத்துல போறதுக்கு இடமா இல்ல? எங்க தலைதான் கெடச்சுதா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமியார் உள்ளேயிருந்து, "மீன்காரியோட என்ன பேச்சு" என்றார். சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "கட்டுமரமா? நான் ஒண்ணும் பார்க்கலையே" என்றார். அண்ணா, அதை யோசித்துப் பார். என் புடைவைக் கலரைப் பார்த்தவர், இரண்டு ஆளையும் ஒரு கட்டுமரத்தையும் பார்க்கவில்லை. பார்க்க முடியாத இடத்தில் அவ்வளவு தாழப் பறந்திருக்கிறார். பின்னால் இருபது பேர் உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

போகாதீர்கள் என்று காலில் விழுந்தேன். "உங்கண்ணாவோட சட்டப் புஸ்தகம் உனக்கும் ஒட்டிண்டுடுத்தா" என்று கேட்டார்.

நீ மறுபடி ரிப்போர்ட் எழுது. முதலில் எழுதியதுதான் சரி என்று எழுது. நான் சொன்னதால் மாற்றிச் சொன்னேன் என்றுகூட எழுதிக்கொள். எப்படியாவது இவரைத் தரையில் உட்கார வை.

சாவித்ரி


மீனம்பாக்கம்
22-12-52

சாவித்ரிக்கு ஆசீர்வாதம். க்ஷேமம்.

ஏப்ரலில் பறக்க விடு என்றாய், டிசம்பரில் இறக்கி விடு என்கிறாய். நான் என்ன, நீ இழுக்கிற இழுப்புக்கெல்லாம் ஏறி இறங்குகிற கிணற்று வாளியா?

நான் எழுதினால் கிழித்துப் போடுவார்கள். பரங்கிமலை தெரியாதவனுக்கு மகாபலிபுரம் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். என் வார்த்தையை நான் ஒரு தடவைதான் செலவு செய்ய முடியும். உனக்காகச் செலவு செய்துவிட்டேன்.

விதி ஒன்றைச் சொல்கிறேன், யோசனை சொல்வதாக நினைக்காதே. விமானம் அபாயமாகத் தாழப் பறப்பதைக் கண்ணால் பார்த்த எவரும் புகார் எழுதலாம். உத்தியோகஸ்தராக இருக்க வேண்டியதில்லை. பார்த்த இடம், பார்த்த நாள், பார்த்தவர் பெயர், ஓட்டியவர் பெயர், கையெழுத்து. மொட்டைக் கடுதாசியைக் குப்பையில் போடுவார்கள்.

வெங்கடராகவன்


மகாபலிபுரம்
9-2-53

அண்ணாவுக்கு சாவித்ரி நமஸ்காரம். மாமனார், மாமியார், வைதேகி சௌக்கியம். இவரும் சௌக்கியம். சத்தியமாக சௌக்கியம்.

உன் கடிதம் வந்த அன்றே புகார் எழுதிவிட்டேன். தமிழில்தான் எழுதினேன், வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும். பார்த்த இடம் எழுதினேன். பார்த்த நாள் எழுதினேன். ஓட்டியவர் பெயர் என்கிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, ஒரு காகிதத்தில் எழுதியதில்லை. தபால்காரர் கேட்டால்கூட மாமியாரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வேன். முதல் தடவையாகக் கோதண்டராமன் என்று எழுதினேன். பார்த்தவர்: சாவித்ரி, மேற்படியாரின் மனைவி. அதன் கீழே முனியம்மாவும் அவள் புருஷன் முத்துசாமியும் கைநாட்டு வைத்தார்கள்.

விசாரிக்க இரண்டு பேர் நேரில் வந்தார்கள். கலங்கரை விளக்கத்துக்குப் போனார்கள், குப்பத்துக்குப் போனார்கள். எங்கள் மொட்டைமாடியில் ஏறி நின்று, எந்த இடத்தில் நின்று பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். காட்டினேன். இவர் கீழே கூடத்தில் இருந்தார், எல்லாம் காதில் விழுந்தது. கம்பெனியின் கடற்கரை வழியை மூடிவிட்டார்கள். இவருக்கு ஆயுசு பூராவுக்கும் லைசென்ஸ் கிடையாது.

அவர்கள் போன பிறகு, "நீயா?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அதுதான் கடைசிப் பேச்சு. பரிமாறினால் சாப்பிடுகிறார். நான் நீட்டினால் தண்ணீர் வாங்குவதில்லை, கீழே வைத்துவிட்டு நகர வேண்டும். படுக்கையைத் தன் அப்பா அறைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. போன வருஷம் நான் என்ன அழுதாலும், என்ன ஏசினாலும், நீ பார்த்ததில் நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால் இவர் ஆயுசு முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டு என்னோடு இருந்திருப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து திட்டியிருப்பேன். தங்கை அழுகிறாள் என்று விட்டுக் கொடுத்தாய். நீ செய்ய வேண்டியதை நான் செய்ய வேண்டியதாயிற்று. உன்னால் மாப்பிள்ளை இல்லாமல் இருந்திருக்க முடியும் அண்ணா. எனக்கு இருந்தது ஒரு புருஷன்.

மன்னிக்கு நமஸ்காரம்.

சாவித்ரி